மூடச் சொன்ன பொத்தான்

சுந்தராபுரம் சிக்னலுக்குத் தெற்கே என் பட்டறை.
போர் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கை,
இப்போது கார் வயரிங்.
மஞ்சள் கார் வந்து நின்ற அன்று
தெருவும் கூடவே வந்து நின்றது.
ரெண்டே சீட்டு. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால்.
டீ கொண்டுவந்த பையன் கேட்டான்:
"ரிவர்ஸ்லயே வந்துட்டாங்களாக்கா?"

இறங்கியவர் கிணத்துக்கடவு திருமூர்த்தி.
நார் மில்காரர். சட்டைக் காலரிலும் தேங்காய் நார்.
நீட்டிய டப்பாவுக்குள்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி,
ஒரு ரிமோட்,
அதில் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பொத்தான்.

"சைலன்சருக்குள்ள ஒரு வால்வு இருக்குதுங்க அம்மிணி.
வெடியால சாவியத் திருகுன ஒடனே
அதுவா தொறந்துக்குது.
அத்தன தோப்பும் எந்திரிச்சுக்குது."

எல்லோரும் திறக்கத்தான் வருவார்கள்.
போன மாதம்கூடப் பீளமேட்டிலிருந்து
காலேஜ் பையன்கள் மூன்று பேர்,
பத்தலைக்கா, இன்னும் பத்தலைக்கா என்று.
இவர் மூடக் கேட்கிறார்.

"எதுத்த தோட்டம் பங்காளிதானுங்க.
வாய்க்கால் கேசு பதினோரு வருசமா நடக்குது.
இப்ப சத்தத்துக்கும் ஒரு மனு குடுத்திருக்கறான்."
பெயரைச் சொல்லவில்லை.
அந்த 'றான்' போதும்,
நடுவில் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டியாயிற்று.

ஜாக்கி ஏற்றி அடியில் படுத்தேன்.
வால்வு என்றால் ஒரு தகடு,
புகைக்குழாய்க்குள் குறுக்கே நிற்கும் மடை.
எஞ்சின் காற்றை உறிஞ்சி
இழுத்துப் பிடித்தால் அடையும்.
பிடி விட்டால் ஸ்பிரிங் திறந்துவிடும்.
சும்மா விட்டால் சத்தம்தான்.
சத்தமில்லாமல் இருக்கத்தான்
எதுவோ ஒன்று விடாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு வயரையும் வெட்டவில்லை.
சாலினாய்டு பிளக்கைக் கழற்றி
நடுவில் இதைச் சொருகி, துணி டேப் சுற்றி,
சூடு படாத மூலையில் டை போட்டு இறுக்கினேன்.
"மொத உறுமல் ஒண்ணு இருக்கும்ங்க.
அத நிறுத்த முடியாது."
"அது கெடக்குது."

ஈச்சனாரி தாண்டி ஓட்டிப் பார்த்தோம்.
மேல் பொத்தான்:
என் விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக் காட்டியது.
பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது.
கீழ் பொத்தான்:
கரண்ட் போய்த் தறி நின்ற தெரு.

நாலாயிரம் கேட்டேன். பேரமில்லை.
முன் டிக்கியைத் திறந்து
ஒரு குலை இளநீர் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் போன்.
"வேல சுத்தமா இருக்குதுங்க.
ஆனா பாருங்க,
நாலரைக்கு எங்க பக்கம் த்ரீ பேஸ் வரும்.
இத்தன நாளும் இந்தக் கார் சத்தத்துலதான்
அவன் எந்திரிச்சு மோட்டார் போட்டுட்டிருந்தானாட்டருக்குது.
இப்ப தூங்கிப்போறான்.
ரெண்டு தடவ தண்ணி பாயலையாம்.
பால்காரர் சொன்னாரு."

"ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிக்கலாமேங்க?
எங்கிட்டயே இருக்குது."

"அத நானுங்களா போய்ச் சொல்றது?"

"செரி, இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா சொன்னேன்."

அது மாசியில்.
ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டு வந்தார்.
ரிமோட் செத்துப்போயிற்றாம்.
முடுக்கியைக் கழற்றினேன்.
பேட்டரி சுத்தமாகக் காலி.

கடைசியாக விட்ட நிலையை
அந்தப் பெட்டி மறக்காது.
ஒரு தடவை மூடிவிட்டால்
வருடம் முழுக்க ரிமோட்டைத் தொடவே வேண்டாம்.
அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினேன்.

ரெண்டு பொத்தானிலும்
வெள்ளைக் குறி ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
தகரக் கூரையில் மழை கொட்டியது.
"கேசு என்னாச்சுங்க?"
"வாய்தா. மார்கழிக்குத் தள்ளிப்போட்டாங்க."

ஒரு பேட்டரி போதும் என்றேன்.
ரெண்டாகக் கொடுங்க என்றார்.